கிணற்றடியில் நான் விழவில்லை

எங்கள் வீட்டுக் கிணற்றடியைக் கட்டியவர் என் வீட்டுக்காரர். சீமெந்து காய்வதற்கு முன்னமே ஈர்க்குக் கட்டால் அதன்மேல் கீறு கீறாக இழுத்துவிட்டார், கால் வழுக்கக் கூடாதென்று. அவர் காலமாகிவிட்டார். கீறுகள் இருக்கின்றன. வெள்ளிக்கிழமைகளில் தேங்காய்ப் பொச்சுமட்டையால் நானே தேய்த்துக் கழுவுவேன். மருமகள் தேய்க்க வந்தாலும் விடமாட்டேன். அவளுடைய தேய்ப்பு எனக்குப் போதாது.

அந்தக் கிணற்றடியில் நான் வழுக்கி விழுந்து காறை எலும்பை உடைத்துக்கொண்டேன் என்று ஆஸ்பத்திரியில் எழுதினார்கள். அது பொய். நான் விழுந்தது மோட்டார் சைக்கிளில் இருந்து. அந்தப் பொய் எப்படி வந்தது, எப்படிப் போனது என்று சொல்கிறேன். ஆறுதலாகத்தான் சொல்வேன். அவசரப்பட்டுக் கதைத்து எனக்குப் பழக்கமில்லை.

நாங்கள் திருகோணமலைப் பட்டணத்துக்குப் பக்கத்தில், சல்லி என்கிற கடற்கரை ஊரில் இருக்கிறவர்கள். எனக்கு மகன் ஒருவன்தான். கட்டாரில் லொறி ஓட்டுகிறான். போகும்போது தன்னுடைய மோட்டார் சைக்கிளைத் தறப்பாளால் மூடிக் கொட்டிலுக்குள் வைத்துவிட்டுப் போனான். அவன் போன பிறகுதான் மருமகளுக்குத் துறைமுகப் பக்கம் ஒரு கம்பனிக் கந்தோரில் வேலை கிடைத்தது. காலை எட்டு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பஸ் தன் விருப்பத்துக்கு வரும், தன் விருப்பத்துக்குப் போகும். நாளும் பொழுதும் பிந்திப் போய் அவள் பேச்சு வாங்கினாள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தறப்பாளைக் கழற்றினாள்.

கோயிலுக்குப் பின்னால் உள்ள வெளியில்தான் பழகினாள். அவளுடைய தமையன் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினான். பிறகு லைசென்சும் எடுத்தாள். ஊரில் பெண்கள் ஸ்கூட்டி ஓடுவது புதினமில்லை. இது ஆண்கள் ஓடுகிற உயரமான சைக்கிள் என்பதால் கொஞ்ச நாள் வாய்க்கு வந்தபடி கதைத்தார்கள். கருவாடு காயவைக்கிற இடத்தில் ஒருத்தி என்னைக் கேட்டாள்.

"என்ன மாமி, உங்கட மருமகள் போற போக்கில பின்னால நெருப்பெல்லோ வருது?"

"ஓம் பிள்ளை, வருதுதான். நீ கொஞ்சம் தள்ளி நில். சுட்டுப்போடும்" என்றேன்.

மகனுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை, ஏனென்றால் பஸ்ஸின் கதை அவனுக்கும் தெரியும். "ஒருக்கா விழுந்தாய் எண்டு கேள்விப்பட்டனெண்டால், அண்டைக்கே சைக்கிளை வித்துப்போடுவன்" என்று அவளிடம் போனில் சொல்லியிருந்தான். சைக்கிள் போனால் வேலையும் போகும். இது எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் தெரிந்த விசயம்.

நான் அந்தச் சைக்கிளில் ஏறியது ஒரே ஒரு நாள்தான். பட்டணத்தில் எங்கள் சொந்தத்தில் ஒரு பிள்ளை பெரியபிள்ளையாகி, அவளுக்குச் சாமத்திய வீடு. வருவதாகச் சொன்ன ஓட்டோ வரவில்லை. தண்ணி வார்க்கிற நேரத்துக்கு நான் அங்கே நிற்க வேண்டும். மூத்த மாமி நான் இல்லாமல் சடங்கைத் தொடங்கமாட்டார்கள்.

"ஏறுங்கோ மாமி, மெல்லமாய்க் கொண்டுபோறன்" என்றாள் மருமகள்.

பட்டுச்சீலையோடு ஒருபக்கமாக ஏறி இருந்தேன். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"முந்தானையை இழுத்து இடுப்பில செருகுங்கோ மாமி. காத்துக்குப் பறக்கும்."

"சாமத்திய வீட்டுக்குப் போறனோ, மீன் விக்கப் போறனோ?" என்று கேட்டேன்.

இதை விளங்கப்படுத்த வேண்டும். நான் என் இளம் வயதெல்லாம் தலையில் மீன் கூடையோடு நடந்தவள். சீலையை முழங்காலுக்கு ஏற்றி, முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு உப்புவெளி முழுக்கக் கூவி விற்றவள். அந்தச் செருகலோடு ஒரு வீட்டுப் படியில் நின்றால் மீன்காரி. முந்தானையைத் தொங்கவிட்டுக்கொண்டு அதே படியில் நின்றால் வீட்டுக்கு வந்த ஆள். நல்லது கெட்டதுக்குப் போகிறபோது நான் முந்தானை செருகுவதில்லை. அன்றைக்கும் செருகவில்லை. மருமகள் முன்னால் திரும்பிச் சைக்கிளை எடுத்தாள். என்னோடு கதைத்து வெல்ல ஏலாது என்று அவளுக்குத் தெரியும்.

நிலாவெளி றோட்டில் ஏறி உப்புவெளிப் பக்கம் வரும்போது முன்னால் மாடுகள் நின்றன. அவள் வேகத்தைக் குறைத்து அவற்றைச் சுற்றி எடுத்தாள். நன்றாகத்தான் எடுத்தாள். மாடுகளைக் கடந்த பிறகு கடல் காற்று ஒன்று வந்தது. முந்தானை பாய் மாதிரி விரிந்ததை உணர்ந்தேன். அதைப் பிடிக்கக் கையை எடுத்தேன். அதற்குள் யாரோ பின்னால் நின்று கழுத்தோடு சேர்த்து என்னை இழுத்தது போல இருந்தது. வானம் தெரிந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

மருமகள் "மாமி, மாமி" என்று குழறுவது கேட்டது. சைக்கிள் விழவில்லை. அவள் அதை நிறுத்திவிட்டுத்தான் ஓடி வந்தாள். பின்சக்கரச் சில்லுக்குள் என் சீலை கயிறு மாதிரி முறுகிக் கிடந்தது. நிலாவெளிப் பக்கமிருந்து வெறும் ஓட்டோவோடு வந்த ஒருவர் நிறுத்தினார். பட்டணத்து முஸ்லிம் ஆள், தாடி நரைத்தவர். கத்தியால் சீலையை அறுத்து என்னை எடுத்தார். அறுக்கும்போது சில்லைப் பார்த்துச் சொன்னார்:

"இதுக்குப் பக்கத்தில ஒரு கம்பிக் கூடு இருக்குமே. சீல போகாமத் தடுக்கிறது. அது எங்க?"

மருமகளுக்குத் தெரியவில்லை. அவளுக்கு அந்த நேரம் தன் பெயரே தெரிந்திருக்காது.

சைக்கிளை ஒரு வேலியோரம் விட்டுவிட்டு ஓட்டோவில் போகும்போது அந்த மனிசர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தபடி புத்தி சொன்னார்.

"அம்மா, நான் சொல்றதக் கேளுங்க. ஆஸ்பத்திரியில எக்ஸிடன்ட் எண்டு மட்டும் சொல்லிராதீங்க. பொலிஸ் வரும். சைக்கிளக் கொண்டுபோய் ஸ்டேசன்ல போடுவாங்க. இந்தப் புள்ளைய அலைய விடுவாங்க. கிணத்தடியில வழுக்கின எண்டு சொல்லுங்க. ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டாங்க."

"அவருக்குத் தெரிஞ்சால் சைக்கிளை வித்துப்போடுவார்" என்று மருமகள் அழுதாள்.

"அப்ப பாத்தீங்களா? கிணத்தடிதான் நல்லம்."

எனக்கு வாய் திறக்க ஏலாத நோவு. ஆஸ்பத்திரியில் நாங்கள் சொல்வதற்கு முன்னம் அவரே, "கிணத்தடியில வழுக்கிட்டாங்க" என்று சொல்லிவிட்டார். ஒருவர் எழுதினார். பட்டுச்சீலை கட்டிக்கொண்டு எந்த மனிசி தண்ணி அள்ளுவாள் என்று எழுதியவர் கேட்கவில்லை.

காறை எலும்பு உடைந்திருந்தது. முதுகில் தோல் உரிந்திருந்தது. கழுத்தைச் சுற்றிச் சீலை இழுத்த தழும்பு சிவப்பாகக் கிடந்தது. கையைத் துணியில் தூக்கிக் கட்டி வாட்டில் விட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் ஈச்சிலம்பற்றுப் பக்கத்து மனிசி ஒருத்தி, கால் உடைந்து கிடந்தாள். என்னைவிடக் கொஞ்சம் இளமை. கால்தான் கட்டுப்போட்டுக் கிடந்தது, வாய்க்கு ஒரு குறையுமில்லை.

"அக்காவுக்கு என்ன நடந்தது?"

"கிணத்தடியில வழுக்கிப்போட்டுது."

அவள் என் கழுத்தைப் பார்த்தாள். "கிணறு கழுத்தையும் நெரிச்சதோ?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எனக்கு மாடு அக்கா. மகன்ர சைக்கிளுக்குப் பின்னால இருந்து வந்தனான். இருட்டுக்க மாடு படுத்திருந்தது. அவனுக்கு லைசென்ஸ் இல்லை. அதால நான் கொய்யா மரத்தால விழுந்தனான் எண்டு சொல்லிப்போட்டான்" என்றாள்.

"இந்த வயசில கொய்யா மரத்திலயோ?"

"அதைத்தான் நானும் கேட்டனான். குறைஞ்சது ஒரு கதிரையால விழுத்தியிருக்கலாம். மரத்தில ஏத்திப்போட்டான், பாவி."

சிரித்தால் காறை எலும்பு குத்தியது. குத்தினாலும் சிரித்தோம்.

அடுத்த நாள் காலையில் ஒரு பெண் நெஞ்சோடு தாள் கட்டுகளை அணைத்துக்கொண்டு வாட்டுக்கு வந்தாள். மிசி என்று நாங்கள் சொல்கிற தாதியின் சட்டையில்லை, சாதாரண சீலை. கட்டில் கட்டிலாக ஆட்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நோயாளியின் தாள்களை ஆஸ்பத்திரியில் டிக்கட் என்பார்கள். துண்டு வெட்டி எங்களை வீட்டுக்கு விட்ட பிறகு அந்த டிக்கட்டெல்லாம் றெக்கோட் றூமுக்குப் போகும். அங்கே இருந்து அவற்றுக்கு நம்பர் போடுகிறவள் அவள். போன மாதத்து டிக்கட் சிலதில் எப்படிக் காயம் வந்தது என்று எழுதப்படாமல் இருந்ததாம். மிசியிடம் கேட்க வந்தவள், இப்போது இருக்கிறவர்களின் டிக்கட்டையும் ஒருக்கால் பார்த்துவிட்டுப் போக நினைத்திருக்கிறாள். என் டிக்கட்டை எடுத்து வாசித்தாள். என் கழுத்தைப் பார்த்தாள். பிறகு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள்.

"அம்மா, கிணத்தடி எப்பிடி வழுக்கினது?"

"அது உங்களுக்கு என்னத்துக்குப் பிள்ளை?"

"நான் நம்பர் போடுற ஆள் அம்மா. எலும்பு உடைஞ்சதுக்கு ஒரு நம்பர். அது உடைஞ்ச விதத்துக்கு இன்னொரு நம்பர். ரெண்டும் பக்கத்தில பக்கத்தில வரவேணும்."

"விதத்துக்குமோ?"

"ஓம். மோட்டார் சைக்கிளால விழுந்தால் ஒரு மாதிரி. அதிலயும் ஓடினவருக்கு வேற, பின்னால இருந்தவருக்கு வேற. கார் வானோட அடிபட்டால் வேற. மதிலோட அடிபட்டால் வேற."

பக்கத்துக் கட்டில் எழும்பி இருந்தது. "தங்கச்சி, மாட்டோட அடிபட்டால்?"

"அதுக்கும் இருக்கு அம்மா. றோட்டால நடந்து போற ஆளோட அடிபட்டாலும், மாட்டோட அடிபட்டாலும் ஒரே நம்பர்தான்."

"மனிசருக்கும் மாட்டுக்கும் ஒரே நம்பரோ? ஆர் இதைச் செய்தது?"

"வெளிநாட்டில செய்தது அம்மா. எங்களிட்டக் கேக்கேல்லை."

"மரத்தால விழுந்தால்?"

"மரத்துக்குத் தனியா ஒண்டு இருக்கு."

"அப்ப எனக்கு அந்த மரமே போதும்" என்று பக்கத்துக் கட்டில் படுத்துக்கொண்டது.

நான் கேட்டேன்: "எனக்கு என்ன போடுவீங்கள்?"

"டிக்கட்டில உள்ளபடி போட்டால், நடக்கேக்க வழுக்கி விழுந்தவ எண்டு வரும். வயசான ஆக்களுக்குக் கனக்க வாறது அதுதான்."

என் காதில் அது நல்லாக விழவில்லை. வயசான ஆள், நடக்கையில் வழுக்கியவள். சல்லிக் கடற்கரையில் ஈர மணலில் கூடையோடு ஓடின என் கால்களுக்கு அப்படி ஒரு நம்பரா?

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்லமாகச் சொன்னாள். "எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுகினம் அம்மா. நான் குறை சொல்லேல்லை. எங்கட வீட்டிலயும் சொல்லியிருக்கினம். ஆனால் வருசம் முடிய என்ர கணக்கில மோட்டார் சைக்கிள் குறையும், கிணத்தடி கூடும். ஒரு நாளைக்குக் கொழும்பில இருந்து ஆள் வந்து, திருகோணமலைக் கிணறுகளுக்கு என்ன வருத்தம் எண்டு கேக்கப்போறாங்கள்."

"நான் வேறமாதிரிச் சொன்னால் நீங்கள் மாத்துவீங்களோ?"

"ஏலாது. டிக்கட்டில இல்லாததை நான் போடக்கூடாது. டொக்டரிட்டச் சொல்லி அவர் எழுதினால் போடுவன். ஆனால் அம்மா, உங்களுக்கு மறைக்கமாட்டன். அவர் எக்ஸிடன்ட் எண்டு எழுதினால் பொலிசுக்கும் அறிவிப்பினம். என்ர நம்பருக்காக நீங்கள் சொல்லவேணுமெண்டில்லை. வீட்டில யோசிச்சுச் செய்யுங்கோ."

அவள் கதிரையைத் திரும்ப வைத்துவிட்டுப் போனாள். எனக்கு அவளைப் பிடித்துக்கொண்டது. சொல்லு என்று நெருக்கவில்லை. சொன்னால் என்ன வரும் என்பதை ஒளிக்கவுமில்லை.

நான் சொல்வதாக இல்லை. என்னுடைய வீம்புக்காக மருமகளின் சைக்கிளைக் கொடுக்க ஏலாது. வழுக்கின கிழவியாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்றுதான் அன்று மத்தியானம் வரைக்கும் நினைத்திருந்தேன்.

பின்னேரம் பார்க்கிற நேரத்துக்கு மருமகள் வந்தாள். பஸ்ஸில் வந்திருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. சோற்றுப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, கரண்டியைத் தேடுகிற மாதிரிப் பையைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"கரண்டி கையில கிடக்கு. என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லை மாமி."

"ஒண்டுமில்லாததுக்கு ஆரும் இப்பிடி அழுறதில்லை."

பிறகு சொன்னாள். அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டா என்று மகனிடம் போனில் சொல்லியிருக்கிறாள். அவன் சைக்கிளைப் பற்றிக் கேட்கவேயில்லை. ஆனால் வேறு இடத்தில் பிடித்துக்கொண்டான். கிணத்தடியைப் பாசி பிடிக்க விட்டுவிட்டு நீ என்ன கந்தோருக்கு ஓடுகிறாய், வயசு போன மனிசியைத் தனிய விட்டுவிட்டுப் போனால் இப்படித்தான் நடக்கும், நாளைக்கே வேலையை விட்டுவிட்டு அம்மாவைப் பார் என்று சொல்லிவிட்டான்.

"பாசியோ?" என்றேன். "என்ர கிணத்தடியிலயோ?"

"நான் என்னத்தைச் சொல்ல மாமி? உண்மையைச் சொன்னால் சைக்கிள் போகும், அதோட வேலை போகும். சொல்லாட்டிச் சைக்கிள் நிக்கும், வேலை போகும். கந்தோரில நாளைக்குச் சொல்லிவிடுறன். வேற வழியில்லை."

அவள் கோபத்தோடு சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். களைத்துப்போய்ச் சொன்னாள். அந்த வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் அவள் காலையில் பாட்டு முணுமுணுத்ததை நான் கேட்டிருக்கிறேன். ஒரு பிழையும் செய்யாத கிணறு ஒன்று வந்து அவளுடைய வேலையை வாங்கிக்கொண்டு போவதா?

"போனை எடு. அவனைக் கூப்பிடு" என்றேன்.

"வேண்டாம் மாமி."

"கூப்பிடு எண்டு சொல்லுறன்."

மகனுடைய முகம் போனில் வந்தது. லொறிக்குள் இருந்தான். வேர்த்து வடிந்துகொண்டிருந்தது.

"அம்மா! நோ குறைஞ்சிட்டுதோ? சாப்பிட்டீங்களோ?"

"சாப்பாடு கிடக்கட்டும். நான் கிணத்தடியில விழேல்லை. உன்ர மோட்டார் சைக்கிளால விழுந்தனான்."

அவன் லொறியின் எஞ்சினை நிறுத்தினான். பிறகு தொடங்கினான். "எனக்குத் தெரியும்! நான் அப்பவே சொன்னனான். அவளுக்கு ஓடத் தெரியாது எண்டு..."

"அவளுக்கு ஓடத் தெரியும். மாட்டுக்கும் அடிக்கேல்லை, மனிசருக்கும் அடிக்கேல்லை. நான் விழுந்த பிறகும் சைக்கிள் விழேல்லை. என்ர முந்தானைதான் சில்லுக்குள்ள போனது. செருகச் சொன்னவள், நான் செருகேல்லை. இனியும் சாமத்திய வீட்டுக்குச் செருகமாட்டன். அது வேற கதை. நான் கேக்கிறதுக்கு மறுமொழி சொல்லு. சில்லுக்குப் பக்கத்தில கம்பிக் கூடு ஒண்டு இருக்குமாமே. உன்ர சைக்கிள்ல அது எங்க?"

மகன் முகத்தைத் துடைத்தான்.

"அது... வாங்கின புதுசில கழட்டினனான் அம்மா."

"ஏன்?"

"வடிவில்லை எண்டு."

பக்கத்துக் கட்டில் முழங்கையை ஊன்றி எட்டிப் பார்த்தது.

"வடிவு" என்றேன். "சரி. உன்ர வடிவுக்கு நான் ஒரு எலும்பைக் குடுத்திட்டன். இவள் தன்ர வேலையையும் குடுக்கவேணுமோ?"

"வேலை நேரம் அம்மா, பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டான். என் மகன் கெட்டவன் இல்லை. தூரத்தில் இருந்துகொண்டு பயப்படுகிறவனுக்குக் கத்துவதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும்? அதை நான் மருமகளுக்குச் சொன்னேன். அவள் தலையாட்டிக்கொண்டே சோற்றுப் பெட்டியை மூடினாள்.

மகனுக்குச் சொன்ன பிறகு மறைக்க என்ன இருக்கிறது? பொலிஸ் ஒன்றுதான். "உன்னட்ட லைசென்ஸ் இருக்கு. நீ நல்லாத்தான் ஓடினாய். உனக்கு என்ன பயம்?" என்று மருமகளைக் கேட்டேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, "சொல்லுங்கோ மாமி" என்றாள்.

அடுத்த நாள் டொக்டர் சுற்றி வந்தபோது சொன்னேன். அவர் சிங்களவர், தமிழ் கொஞ்சம் விளங்கும். விளங்காததை மிசி சிங்களத்தில் சொன்னா. சீலை சில்லுக்குள் போனதை நான் ஒரு கையால் சுற்றிக் காட்டினேன். அவர் என் கழுத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்து, விழுங்கும்போது நோகிறதா என்று கேட்டு, நிறைய எழுதினார். "ஏனம்மா முதலே சொல்லேல்லை?" என்று மிசி ஏசினா. நான் ஏச்சை வாங்கிக்கொண்டேன்.

அவர்கள் போனதும் பக்கத்துக் கட்டில் என்னைப் பார்த்தது. "நல்ல வேலை பாத்தீங்கள் அக்கா. இப்ப என்னையும் மரத்தால இறங்கச் சொல்லுறீங்களோ?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை."

"அவனுக்கு லைசென்ஸ் இல்லை அக்கா. நான் மரத்திலயே இருக்கிறன்."

"இரு. விழாமல் இரு" என்றேன். அவளுக்கு அவளுடைய பிள்ளை. துண்டு வெட்டிப் போகும்வரைக்கும் அவள் மரத்தில்தான் இருந்தாள். நான் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை.

பொலிஸ்காரர் பின்னேரம் வந்தார். நான் சொல்லச் சொல்லச் சிங்களத்தில் எழுதினார். எழுதி முடிந்ததும் பையில் இருந்து மைப்பெட்டியை எடுத்து என் பெருவிரலைப் பிடித்தார்.

"என்னத்துக்கு?" என்றேன்.

"அடையாளம் வைக்க, அம்மே."

"பேனையைத் தாருங்கோ. முதல் நீங்கள் எழுதினதைத் தமிழில வாசியுங்கோ."

அவர் வாசித்தார். தட்டித் தடவி வாசித்ததால் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன். பிறகு கையெழுத்து வைத்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். பஸ்ஸின் பெயர்ப் பலகை வாசிப்பேன், என் பெயர் எழுதுவேன். என் பெயரில் எழுத்து அதிகம். அவர் நின்றுகொண்டு காத்திருந்தார். நல்ல மனிசர்.

ஓட்டோக்காரர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. சைக்கிளைப் பரிசோதிக்க வேண்டும் என்று கொண்டுபோனார்கள். மருமகள் லைசென்சையும் இன்சூரன்சையும் தூக்கிக்கொண்டு சில தரம் அலைந்தாள். கந்தோருக்குப் பிந்திப் போய்ப் பேச்சும் வாங்கினாள். ஓட்டோக்காரர் ஒரு நாள் செவ்விளநீரோடு வீட்டுக்கு என்னைப் பார்க்க வந்தார். வாசலில் நின்றே தொடங்கினார்.

"அம்மா, நான் சொன்ன ஒரு பொய்யையும் உங்களால காப்பாத்த ஏலாமப் போச்சே!"

"நல்ல பொய்யாய்ச் சொல்லியிருந்தால் காப்பாத்தியிருப்பன் தம்பி. என்ர கிணத்தடியைப் போய்ச் சொன்னீங்கள்."

"அடுத்த தரம் வேற இடம் பாத்துச் சொல்றன்" என்று சொல்லிவிட்டு இளநீரைச் சீவித் தந்தார்.

கிளினிக்குக்குப் போன நாளில் றெக்கோட் றூம் பிள்ளையை நடைபாதையில் கண்டேன். அதே மாதிரி நெஞ்சோடு தாள் கட்டு. என்னைக் கண்டதும் நின்றாள்.

"அம்மா, டொக்டர் எழுதினபடி நம்பர் போட்டிட்டன். மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால இருந்தவ, ஒண்டோடயும் மோதாமல் விழுந்தவ."

"சீலை?"

"சீலைக்கெண்டு தனி நம்பர் இல்லையம்மா. அதுக்குள்ளதான் அடங்கும்."

"மாட்டுக்கு இருக்கு. சீலைக்கு இல்லையோ?"

"வெளிநாட்டில சீலை கட்டுறேல்லை அம்மா. அவைக்குத் தெரியாது." பிறகு, "நம்பருக்குப் பக்கத்தில நான் சீலை எண்டும் எழுதிவிடுறனான். அதை ஆரும் பாக்கினமோ தெரியேல்லை" என்றாள். அவளுக்கு வேலை இருந்தது. போய்விட்டாள்.

மகன் சில நாட்களாக எனக்குப் போன் எடுக்கவில்லை. எடுத்தபோது வேறு கதையெல்லாம் கதைத்தான். கட்டார் வெயில், பக்கத்துப் படுக்கைக்காரனின் குறட்டை. வைக்கப்போகிற நேரத்தில் சொன்னான்: "அந்தக் கம்பிக் கூடு கொட்டிலுக்குள்ள ஒரு சாக்கில கிடக்கு. அவளைப் பூட்டச் சொல்லுங்கோ."

"அவளிட்ட நீயே சொல்லு" என்றேன்.

அன்றைக்கு அவளுக்கும் போன் எடுத்தான். என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அவள் குசினிக்குள் வந்து, "வேலையை விடவேண்டாமாம் மாமி" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டுத் தேங்காய் துருவ இருந்தாள்.

பொலிஸ் விட்ட சைக்கிளை அவளுடைய தமையன் கொண்டுவந்து, கூட்டையும் பூட்டி முற்றத்தில் நிறுத்தினான். எல்லாம் சரி வந்துவிட்டது என்று நான் நினைத்தேன். வரவில்லை. அவள் காலையில் அந்தச் சைக்கிளைச் சுற்றிக்கொண்டு போய்ப் பஸ்ஸுக்கு நின்றாள். அடுத்த நாளும் அப்படியே. கந்தோரில் இனிப் பிந்தினால் எச்சரிக்கையை எழுத்தில் தருவோம் என்று சொல்லியிருந்தார்கள். அது தெரிந்தும் பஸ்ஸுக்குத்தான் போனாள். ஒரு நாள் கேட்டேன்.

"ஏன் பிள்ளை?"

"சாவியைப் போட்டால் நீங்கள் விழுந்த சத்தம் கேக்குது மாமி."

இதற்கு நான் என்ன சொல்வது? மகனுக்கு மறுமொழி இருந்தது, பொலிசுக்கு இருந்தது. இவளுக்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. "சரி" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தேன். வாழ்க்கையில் நான் பேசாமல் இருந்த நேரங்கள் குறைவு.

ஒரு திங்கட்கிழமை பஸ் வரவேயில்லை. அவள் சந்தியில் நின்று பார்த்துவிட்டு வேர்த்து விறுவிறுக்கத் திரும்பி வந்தாள். வந்தவள் முற்றத்தில் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றாள். நான் வாசல்படியில் நின்றேன், கை இன்னும் துணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஹெல்மெட்டை எடுத்துப் போட்டாள். திரும்பக் கழற்றினாள். திரும்பவும் போட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மாமி, நீங்கள் உள்ள போங்கோ. நீங்கள் பாத்துக்கொண்டு நிண்டால் எனக்குக் கை நடுங்கும்."

இந்த வீட்டில் என்னை உள்ளே போ என்று யாரும் சொன்னதில்லை. நான் உள்ளே போனேன். குசினிக்குள் போய், அடுப்பில் ஒன்றுமில்லாமலே அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு தரம் உதைத்தாள், பிடிக்கவில்லை. இன்னொரு தரம் உதைத்தாள். பிடித்தது. கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டு நின்றது. பிறகு சத்தம் மெல்ல வாசலைத் தாண்டியது, கோயில் மதிலடியில் கொஞ்சம் தயங்கியது, பிறகு றோட்டில் ஏறியது.